ஜான் பிரௌனிங்கும் பொய்க்காத கைத்துப்பாக்கியும்

உழவன் ஏரில் பூட்டிய கொழு மழுங்கினால் அன்று மாலைக்குள் அவனுக்குத் தெரிந்துவிடும். தையற்காரனுடைய ஊசியின் முனை முறிந்தால் அடுத்த தையலிலேயே அவன் அறிவான். நாள்தோறும் வேலை செய்யும் கருவி தன் குறையைத் தானே சொல்லிவிடும். ஒருவன் தற்காப்பின் பொருட்டுச் சட்டைப் பையிலோ இடுப்பிலோ தினந்தோறும் சுமந்து திரியும் சிறு கைத்துப்பாக்கியின் நிலைமை அப்படியன்று. அது பத்து வருஷமோ இருபது வருஷமோ வேலையின்றியே கிடக்கலாம். அக்காலமெல்லாம் வியர்வையும், புழுதியும், துணியின் பஞ்சுத் தூசியும், மழைக்காலத்து ஈரமும் அதனுள் புகுந்துகொண்டே இருக்கும். தன் குறையை அது வெளியிடும் நாள் ஒன்றே ஒன்றுதான். அந்நாளில் அறிந்து என்ன பயன்? ஆகவே, நெடுங்காலம் சுமந்த பின்னும் வேண்டிய கணத்தில் பொய்க்காமல் வெடிக்குமா என்பதே அக்கருவியைப் பற்றி எழும் முதற் கேள்வியாகும்.

இக்கேள்விக்கு உலகம் ஒப்புக்கொள்ளத்தக்க விடையை முதன்முதலாக அளித்தவர்களுள் தலைசிறந்தவர், அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிறந்த ஜான் மோஸஸ் பிரௌனிங் என்பவர். அவருடைய பெயர் தமிழ் மக்களுக்கு முற்றிலும் புதிதன்று. 1911-ஆம் வருஷம் ஜூன் மாதம் 17-ஆம் தேதி மணியாச்சி ரெயில்வே சந்திப்பில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்ட துப்பாக்கி, பெல்ஜியம் தேசத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கியேயாகும். பெயரை நாம் அறிவோம். அப்பெயருக்குரிய மனிதரை அறிந்தவர் நம்மில் சிலரே. துப்பாக்கியின் பெயராகவே மாறிவிட்ட அம்மனிதரின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

பிரௌனிங் 1855-ஆம் வருஷம் ஜனவரி 23-ஆம் தேதி யூட்டா பிரதேசத்திலுள்ள ஆக்டன் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை ஜோனதன் பிரௌனிங் துப்பாக்கிக் கருமான். டென்னெஸி நாட்டில் பிறந்து, இல்லினாய் பிரதேசத்திற்குக் குடிபெயர்ந்து, அங்கே மார்மன் என்னும் கிறிஸ்தவ சமயப் பிரிவைத் தழுவியவர். அப்பிரிவினர் துன்புறுத்தப்பட்டு மேற்குத் திசை நோக்கி வெளியேறியபோது, வழியிலேயே அவர்களுக்குத் துப்பாக்கி பழுது பார்த்துக் கொடுத்துக்கொண்டு, 1852-இல் யூட்டா வந்து சேர்ந்தார். மூன்று மனைவியரும் இருபத்திரண்டு மக்களும் கொண்ட பெருங் குடும்பம். அருகில் யந்திரசாலையும் இல்லை. உதிரிப் பாகங்கள் விற்கும் கடையும் இல்லை. முறிந்த துப்பாக்கியை முறிந்த இரும்பைக் கொண்டே சீர்செய்ய வேண்டிய அந்தப் பட்டறையே ஜானுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. ஏட்டுக் கல்வி அவருக்குக் கிடைத்தது சொற்பமே.

பழுது பார்க்கும் பட்டறையில் வளரும் பிள்ளைக்கு ஒரு நன்மை உண்டு. புதுச் சாமான் விற்கும் கடைக்காரன் கருவியின் பளபளப்பைத்தான் பார்க்கிறான். பழுது பார்ப்பவனோ அது எங்கே தேய்கிறது, எங்கே முறிகிறது, எங்கே அழுக்கு அடைகிறது என்பதைப் பார்க்கிறான். துப்பாக்கியின் நோய்களை எல்லாம் பிரௌனிங் சிறு வயதிலேயே கண்டறிந்தார். பத்து வயதில் ஒரு பழந் துப்பாக்கியின் குழலை எடுத்து, கோடரியால் செதுக்கிய பலகையில் கம்பியால் கட்டி, தம்பி மாத்யூவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பறவை வேட்டைக்குப் போய்வந்தார் என்று அவர் குடும்பத்தார் எழுதி வைத்திருக்கின்றனர். இறைச்சியை உண்ட தந்தை, பிள்ளையின் துணிவைப் பாராட்டவில்லை. வேலைப்பாட்டின் செம்மைக் குறைவையே சுட்டிக் காட்டினாராம். பிள்ளை அன்றே அத்துப்பாக்கியைப் பிரித்துப் போட்டார். தாம் செய்ததைத் தாமே கண்டிப்புடன் பரிசோதிக்கும் பழக்கம் அன்று அவருக்கு ஏற்பட்டது போலும்.

1879-ஆம் வருஷம் அவர் வாழ்க்கையில் முக்கியமானது. அவ்வருஷம் ஏப்ரலில் ரேச்சல் தெரேஸா சைல்ட் என்ற பெண்மணியை மணந்தார். ஜூன் மாதத்தில் தந்தை காலமானார். அக்டோபர் 7-ஆம் தேதி, ஒற்றைத் தோட்டா ரைபிள் ஒன்றுக்காக அவருடைய முதல் பேடண்ட் உரிமை வழங்கப்பட்டது. சகோதரர்கள் சேர்ந்து சிறு தொழிற்சாலை ஒன்றை ஏற்படுத்தி அந்த ரைபிளைக் கையாலேயே செய்து விற்றனர். அவற்றுள் ஒன்று வின்செஸ்டர் கம்பெனியின் கைக்கு எட்டிற்று. அக்கம்பெனியின் அதிகாரி பென்னெட் 1883-இல் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு பாதிக்கு ரெயிலேறி ஆக்டனுக்கு வந்து, 8,000 டாலர் கொடுத்து அந்த ரைபிளின் உரிமையை வாங்கிச் சென்றார். அதன்பின் பத்தொன்பது வருஷ காலம் பிரௌனிங் ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கிய நாற்பதுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை அக்கம்பெனி வாங்கிற்று. அவற்றுள் பலவற்றை அது உற்பத்தி செய்யவே இல்லை. வேறு எவரும் செய்துவிடக்கூடாது என்பதற்காகவே வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தது.

அவர் வேலை செய்த முறை நம் கவனத்திற்குரியது. பெரிய வரைபடங்களைத் தீட்டி, அவற்றைப் பார்த்துப் பிறர் செய்யும்படி விடுவது அவர் வழக்கமன்று. மனத்தில் கண்டதைச் சிறு கோடுகளாகக் குறித்துக்கொண்டு, நேரே இரும்பில் வெட்டி, சகோதரன் எட் துணையுடன் மாதிரியை முடித்து, மலைச்சாரலுக்குக் கொண்டு போய்ச் சுட்டுப் பார்ப்பார். தாளில் ஓடும் யந்திரத்தை அவர் யந்திரமாக மதிக்கவில்லை.

1889-இல் ஒரு சிறு சம்பவம் நிகழ்ந்தது. ஆக்டனுக்கு அருகே நடந்த குறி பார்த்துச் சுடும் பந்தயத்தில், ஒருவர் சுடும்போதெல்லாம் குழல் வாயிலிருந்து வெளிப்படும் வாயுவின் வேகத்தால் எதிரேயிருந்த கோரைப் புற்கள் சாய்வதைப் பிரௌனிங் கண்டார். எல்லோரும் இலக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் புல்லைப் பார்த்தார். வீணாகும் இந்த வலிமையைக் கொண்டே துப்பாக்கி தன்னைத் தானே திறந்து, வெற்றுக் கூட்டை எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும்படி செய்யலாமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அதன் பலனாகக் கோல்ட் கம்பெனியின் 1895-ஆம் வருஷத்து யந்திரத் துப்பாக்கி தோன்றிற்று. அதே எண்ணத்தை வேறு வழிகளில் கைக்கடக்கமான கருவிக்கும் பொருத்த அவர் முற்பட்டார். 1897 ஏப்ரல் 20-ஆம் தேதி ஒரே நாளில் அவருக்குக் கைத்துப்பாக்கி சம்பந்தமான நான்கு பேடண்டுகள் வழங்கப்பட்டன.

அக்காலத்தில் பையில் வைத்துத் திரிவதற்கு மக்கள் பெரும்பாலும் சிறு ரிவால்வரையே நம்பியிருந்தனர். சுழலும் உருளையின் பருமன் பையில் துருத்தும். புறத்தே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தி அவசரத்தில் துணியில் மாட்டிக்கொள்ளும். தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் ஜெர்மனியில் தோன்றியிருந்தன. ஆனால் அவை பருத்தவை, பாகங்கள் மிகுந்தவை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டால் என்னுமிடத்தில் இருந்த பாப்ரீக் நாசியோனால் என்ற ஆயுதத் தொழிற்சாலையின் பிரதிநிதி ஹார்ட் பெர்க் 1897-இல் அமெரிக்கா சென்றபோது பிரௌனிங்கின் சிறு கைத்துப்பாக்கியைக் கண்டார். மாதிரி பெல்ஜியம் போயிற்று. அவ்வருஷமே ஒப்பந்தம் ஏற்பட்டது. 1899-இல் உற்பத்தி தொடங்கிற்று. 1900-இல் பெல்ஜிய ராணுவத்தார் அதனை ஏற்றனர். 7.65 மில்லிமீட்டர் தோட்டா ஏழு கொள்ளும் அத்துப்பாக்கியின் நிறை ஏறத்தாழ 22 அவுன்ஸ்.

அதன் அமைப்பில் எதை விட்டார் என்பதே பெரிது. பெரிய தோட்டாக்களைச் சுடும் துப்பாக்கியில், குண்டு குழலைவிட்டு வெளியேறும் வரை பின்வாயைப் பூட்டி வைக்கத் தனிப் பூட்டு வேண்டும். சிறு தோட்டாவுக்கு அது வேண்டியதில்லை என்று பிரௌனிங் கண்டார். பின்னோக்கி நகரும் மேற்பகுதியின் கனமும் ஒரு சுருள் வில்லின் எதிர்ப்புமே அந்த நொடிப் பொழுதுக்குப் பின்வாயை மூடி வைக்கப் போதும். குழல் அசைவதில்லை, பூட்டு இல்லை. குழலுக்கு மேலே ஒரே வில். அதுவே மேற்பகுதியை முன்னே தள்ளும், அதுவே ஊசியைப் பாயச் செய்து தோட்டாவை வெடிக்கும். இல்லாத பாகம் தேய்வதுமில்லை, முறிவதுமில்லை, துருப்பிடிப்பதுமில்லை. பட்டறையில் பிறர் துப்பாக்கிகளின் முறிந்த பாகங்களைப் பார்த்துப் பழகிய கைக்கே இந்தச் சிக்கனம் கைவரும். எனினும் இரு வேலையை ஒரே வில் செய்வதில், அது தளர்ந்தால் இரண்டும் தளரும் என்ற இடையூறு உண்டு. பின்னர் அவர் செய்த மாதிரிகளில் இவ்விரு வேலைக்கும் வெவ்வேறு வில்கள் அமைந்தன.

இதற்கிடையே வின்செஸ்டர் கம்பெனியுடன் அவருக்குப் பிணக்கு நேர்ந்தது. தானாகவே தோட்டா ஏற்றிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை உருவாக்கிய பிரௌனிங், இனி ஒட்டு மொத்த விலைக்கு விற்பதில்லை, விற்கும் ஒவ்வொன்றுக்கும் ராயல்டி வேண்டும் என்றார். கம்பெனி மறுத்தது. வேறொரு கம்பெனித் தலைவரைக் காணச் சென்ற அன்றே அத்தலைவர் மாரடைப்பால் மரித்தார். 1902-இல் பிரௌனிங் கப்பலேறி ஹெர்ஸ்டாலுக்கே சென்று அந்த உரிமையைக் கொடுத்தார். பட்டறைத் தொழிலாளி தன் உழைப்பின் மதிப்பை உணர்ந்து நிமிர்ந்த நிகழ்ச்சி இது. அன்று முதல் அவர் இரு கண்டங்களின் மனிதரானார். அமெரிக்காவில் கோல்ட் கம்பெனியும் ஐரோப்பாவில் ஹெர்ஸ்டால் தொழிற்சாலையும் அவருடைய கைத்துப்பாக்கிகளைச் செய்தன.

1903-இல் கோல்ட் கம்பெனி வெளியிட்ட பைத்துப்பாக்கிதான் நமது விஷயத்திற்கு மிகவும் நெருங்கியது. எட்டுத் தோட்டா கொள்ளும். நிறை சுமார் 24 அவுன்ஸ். சுத்தி உண்டு, ஆனால் வெளியே தெரியாது. மேற்பகுதியின் உள்ளே ஒளிந்திருக்கும். பையிலிருந்து எடுக்கும்போது மாட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. தூசி உட்புக வழியும் குறைவு. பிடியை முழுதும் இறுகப் பற்றினாலன்றிச் சுட முடியாதபடி பிடியின் பின்புறத்தில் ஒரு காப்பு. கட்டைவிரலால் இயக்கும் மற்றொரு காப்பு. 1905-இல் பேடண்ட் பெற்று ஹெர்ஸ்டாலில் உற்பத்தியானது இதனினும் சிறியது: நாலரை அங்குல நீளம், ஏறத்தாழ 13 அவுன்ஸ் நிறை, 6.35 மில்லிமீட்டர் தோட்டா ஆறு. 1910-ஆம் வருஷத்து மாதிரியில் வில்லைக் குழலைச் சுற்றியே அமைத்து உருவத்தை மேலும் மெலிதாக்கினார். தோட்டாக் கூட்டை எடுத்துவிட்டால் சுடாதபடி மூன்றாவது காப்பும் அதில் இருந்தது. இந்த 1910 மாதிரி 1983 வரை உற்பத்தியில் நிலைத்திருந்தது. பிரெஞ்சு பாஷையில் கைத்துப்பாக்கி எதனையும் பிரௌனிங் என்றே அழைக்கும் வழக்கம் உண்டாயிற்று.

வழக்காடும் தொழிலில் பழகிய நமக்கு ஒன்று தெரியும். சாட்சி கூண்டில் ஏறி முதல் விசாரணையில் சொல்வதைக் கொண்டு அவனை நம்பிவிட முடியாது. குறுக்கு விசாரணையில் நிலைக்க வேண்டும். பிரௌனிங் தம் கருவிகளை அவ்விதமே விசாரணைக்கு உட்படுத்தினார். 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவத்துக்காக அவர் செய்த பெரிய கைத்துப்பாக்கியை 6,000 முறை சுட்டுப் பார்த்தனர். சூடேறியபோது தண்ணீரில் அமிழ்த்திக் குளிரவைத்து மேலும் சுட்டனர். ஒரு தடவையும் அது பொய்க்கவில்லை. உடன் போட்டியிட்ட மற்றொன்று 37 தடவை தடைப்பட்டது. பின்னர் அமிலத்தில் துருவேற்றியும், மணலிலும் சேற்றிலும் புதைத்தும் பார்த்தனர். 1917 மே மாதத்தில் அவருடைய யந்திரத் துப்பாக்கி 20,000 முறை தடையின்றிச் சுட்டது. அதிகாரிகள் நம்ப மாட்டாமல், இது பரீட்சைக்கென்றே விசேஷமாகச் செய்யப்பட்டதோ என்று ஐயுற்றபோது, அவர் மற்றொன்றைக் கொண்டு வந்து 48 நிமிஷத்துக்கு மேல் ஓயாமல் சுட வைத்தார். யுத்தத்தில் அமெரிக்கா இறங்கிய பின், சர்க்கார் அவருடைய மூன்று ஆயுதங்களின் உரிமைக்கு 7,50,000 டாலர் தர முன்வந்தது. வழக்கமான ராயல்டி கோரியிருந்தால் ஒரு கோடி டாலருக்கு மேல் வந்திருக்கும் என்பது கணக்கிட்டவர்களின் கருத்து. வின்செஸ்டரிடம் ராயல்டிக்காகப் போராடிய அதே மனிதர், தேசத்தின் தேவை என்றபோது பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

ராணுவப் பரீட்சையில் தேறிய பெரிய துப்பாக்கி வேறு. பையில் கிடக்கும் சிறு துப்பாக்கி வேறு. இரண்டு நாளில் 6,000 முறை சுடுவது ஒரு சோதனை. ஆறாயிரம் நாள் சுடாமல் சுமப்பது மற்றொரு சோதனை. இரண்டாவது சோதனையில் செய்தவனால் பாதி காரியம்தான் செய்ய முடியும். மற்றப் பாதி சுமப்பவனைச் சேர்ந்தது. பிடியின் பலகைகளுக்கு அடியில் வியர்வை தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் இரும்பைத் தின்னும். பஞ்சுத் தூசி எண்ணெயுடன் கலந்து களிம்பாக இறுகி, நகர வேண்டியதை நகரவிடாது. சுருள் வில்லை அளவுக்குள் அழுத்தியே வைத்திருப்பதால் அது அதிகம் கெடுவதில்லை. அழுத்தி விடுவதை ஆயிரக்கணக்கான தடவை செய்வதே அதனைத் தளர்த்துகிறது. வில் தளர்ந்தால் மேற்பகுதி பின்னே வந்து மோதும் வேகம் மிகுந்து உடலே தேயும். காலிக் கூட்டை இழுத்தெறியும் சிறு கொக்கி தேய்ந்தால் வெற்றுக் கூடு உள்ளேயே சிக்கும்.

தோட்டாவும் கெடும் பொருளே. ஒரே தோட்டாவைத் தினந்தோறும் குழலில் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தால், குண்டு கூட்டுக்குள் பின்தள்ளப்பட்டு, வெடிக்கும்போது அழுத்தம் அபாயகரமாக உயரும். அளவுக்கு மீறிப் பூசிய எண்ணெய் தோட்டாவின் அடியிலுள்ள வெடிமருந்துக்குள் கசிந்தால், விசையை இழுக்கும்போது ஊசி அடிக்கும் சத்தமே கேட்கும். 7.65 மில்லிமீட்டர் தோட்டாவின் அடி விளிம்பு சிறிது புடைத்தது. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னே விழுமாறு அடுக்கினால் தோட்டாக் கூடு இறுகிவிடும். பொய்க்காமை என்பதற்கு மற்றொரு முகமும் உண்டு. வேண்டும்போது வெடிப்பது மட்டும் போதாது. வேண்டாதபோது வெடிக்காமலும் இருக்க வேண்டும். ஊசியையே தடுத்து நிறுத்தும் தனித் தடை பிரௌனிங்கின் பழைய பைத்துப்பாக்கிகளில் இல்லை. குழலில் தோட்டாவுடன் அவை கைதவறித் தரையில் விழுந்தால் வெடிக்கக் கூடும். அவருக்குப் பின் வந்தவர்கள் இக்குறையை நீக்கினர். மேதையின் வேலையும் திருத்தத்துக்கு அப்பாற்பட்டதன்று.

1914-ஆம் வருஷத்துக்கு வருவோம். அவ்வருஷம் ஜனவரியில், பத்து லட்சம் பிரௌனிங் கைத்துப்பாக்கிகள் செய்து முடிந்ததை ஹெர்ஸ்டால் தொழிற்சாலை விழாவெடுத்துக் கொண்டாடிற்று. பெல்ஜியம் அவருக்கு லியோபோல்ட் விருதளித்துக் கௌரவித்தது. ஆக்டன் கருமானின் மகன் ஐரோப்பிய மன்னரின் மரியாதையைப் பெற்றார். அதே வருஷம் ஜூன் 28-ஆம் தேதி ஸரஜேவோ நகரில் காவ்ரீலோ பிரின்ஸிப் என்ற வாலிபன் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் சுட்டுக் கொன்றான். அவன் கையிலிருந்தது பிரௌனிங்கின் 1910 மாதிரி. அது பொய்க்கவில்லை. ஆகஸ்டில் மகா யுத்தம் மூண்டது. ஜெர்மானியர் பெல்ஜியத்துள் புகுந்தனர். லியேஜ் நகரம் வீழ்ந்தது. விழா நடந்து ஏழு மாதத்தில் அந்தத் தொழிற்சாலையே அன்னியர் வசமாயிற்று. எந்தத் தேசம் அவருக்கு விருதளித்ததோ, அந்தத் தேசமே அவர் செய்த சிறு கருவியில் பற்றிய நெருப்புக்கு முதற்பலியானவற்றுள் ஒன்று. யுத்தத்துக்குக் காரணம் துப்பாக்கியன்று. வல்லரசுகளின் பேராசையும் பகைமையுமே என்பதை நாம் அறிவோம். எனினும் இந்த ஒற்றுமை சிந்திக்கத்தக்கது.

நமது தேசத்தின் சரித்திரத்திலும் இக்கருவிகள் இடம்பெற்றன. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைத்திருப்பது குற்றமாயிருந்த காலத்தில், 1909-இல் லண்டனிலிருந்து ரகசியமாக 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகள் அனுப்பப்பட்டன என்பது சாவர்க்கர் மீது சர்க்கார் தொடுத்த வழக்கின் முக்கிய அம்சம். அவற்றுள் ஒன்றால் அவ்வருஷம் டிசம்பர் 21-ஆம் தேதி நாசிக் கலெக்டர் ஜாக்ஸன் கொல்லப்பட்டார். மணியாச்சிச் சம்பவத்தை முன்னமே குறிப்பிட்டோம். 1928 டிசம்பர் 17-இல் லாகூரில் போலீஸ் அதிகாரி ஸாண்டர்ஸ் சுடப்பட்ட வழக்கில் பகத் சிங்கினுடையதென்று குறிக்கப்பட்டது கோல்ட் கம்பெனியின் 32 காலிபர் தானியங்கித் துப்பாக்கி. 1931 பிப்ரவரி 27-இல் அலகாபாத் ஆல்பிரட் பூங்காவில் போலீஸ் சூழ நின்று போராடி மாண்ட சந்திரசேகர ஆஸாத்தின் கையிலிருந்ததும் 1903 மாதிரிக் கோல்ட் துப்பாக்கியே. அது இப்போது அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பகத் சிங்கின் துப்பாக்கி இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் கறுப்பு வர்ணம் பூசப்பட்டுக் கிடந்தது. 2016-இல் வர்ணத்தைச் சுரண்டி, அடியிலிருந்த எண்ணைக் கொண்டு அடையாளம் கண்டனர். உலோகத்தில் வெட்டிய எண் எண்பது வருஷத்துக்குப் பின்னும் உண்மையைச் சொல்லிற்று.

அந்த வாலிபர்களின் தியாகத்தை மதிப்பது வேறு. அவர்கள் கைக்கொண்ட மார்க்கத்தைப் பற்றிய விவாதம் வேறு. அவ்விவாதம் நம் தேசத்தில் அன்றே நடந்தது. மக்களில் பெரும் பகுதியினர் வேறு மார்க்கத்தைத் தேர்ந்தனர். நாம் இங்கே கவனிப்பது ஒன்றைத்தான். நாசிக்கிலும், மணியாச்சியிலும், லாகூரிலும், அலகாபாத்திலும், ஸரஜேவோவிலும் கருவி தன் வேலையைச் செய்தது. கருவி சரியாகவே வேலை செய்ததால், நடந்தவற்றின் முழுப் பொறுப்பும் மனிதர் மீதே நின்றது.

பிரௌனிங் கடைசிவரை பட்டறையை விடவில்லை. செல்வம் வந்தது, புகழ் வந்தது, 128 பேடண்டுகள் அவர் பெயரில் பதிவாயின. ஆயினும் புதிய துப்பாக்கி ஒன்றின் வேலைக்காக மறுபடியும் அட்லாண்டிக் கடலைக் கடந்து ஹெர்ஸ்டால் சென்றார். அங்கே 1926 நவம்பர் 26-ஆம் தேதி, தொழிற்சாலையிலேயே, தம் மகன் வாலின் அலுவலக அறையில், இருதய நோயால் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 71. உடல் ஆக்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பிறந்த மண்ணிலேயே அடக்கமாயிற்று.

அவர் போனபின் அவர் துப்பாக்கிகள் நெடுங்காலம் வாழ்ந்தன. 1903 மாதிரியில், 32 காலிபரில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த பின் கோல்ட் கம்பெனி 1945-இல் அதன் உற்பத்தியை நிறுத்திற்று. ஆயினும் அமெரிக்கச் சேனாதிபதிகளுக்குச் சர்க்கார் வழங்கிய கைத்துப்பாக்கி 1970-களின் தொடக்கம் வரை அதுவே. உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் ஒரு சேனை தன் தலைவர்களின் இடுப்பில் அதனை நம்பி வைத்திருந்தது என்றால், பொய்க்காமைக்கு அதைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? பொய்க்காத கருவி அலங்காரத்தால் உண்டாவதில்லை. வேண்டாததை நீக்குவதாலும், தம் வேலையைத் தாமே இரக்கமின்றிச் சோதிப்பதாலும் உண்டாகிறது. செய்தவன் தன் கடமையை முடித்துக் கொடுத்தபின், தினந்தோறும் துடைத்து, துருப் பார்த்து, பழந் தோட்டாவை மாற்றி, அதனைக் காத்து வருவது சுமப்பவனின் கடமை. இவ்விரு கடமைகளிலும் பெரியது மூன்றாவதாக ஒன்று உண்டு. வெடிக்காத துப்பாக்கியை ஏந்தியவனுக்கு விதியின் மேல் பழி போட இடமுண்டு. பொய்க்காத துப்பாக்கியை ஏந்தியவனுக்கு எவர் மேலும் பழி போட இடமில்லை. விசையை இழுப்பதும் இழுக்காதிருப்பதும் அவன் மனச்சாட்சியைப் பொறுத்தது. பிரௌனிங் இரும்பைப் பொய்க்காமல் செய்தார். தன் மனத்தைப் பொய்க்காமல் வைத்திருக்கும் பொறுப்பு அதனைச் சுமப்பவனுடையது. எந்தப் பட்டறையிலும் அதனைச் செய்து வாங்க முடியாது.